பாதிப் படத்தில் பிடித்த பஸ்

இன்று மாலை கும்பகோணத்தில் என் மகள் சஃபியாவை முதன்முறையாகப் படத்துக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு நான்கு வயது. நான் துபாயிலிருந்து விடுமுறையில் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

வழக்கமான கதைதான். ஒரு குழந்தையைக் கொல்ல ஒரு கும்பல் துரத்துகிறது. ஓர் உளவாளி தனியாளாக அதைக் காப்பாற்றுகிறார்.

துப்பாக்கிச் சத்தத்தில் சஃபியா அலறிவிட்டாள். பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்து அய்யம்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். அழுகை நிற்கவில்லை. "அம்மாகிட்ட போகணும்" என்று என் நெஞ்சில் குத்தினாள்.

பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா கேட்டார். "பாப்பா, இவரு யாரு?"

சஃபியா இன்னும் சத்தமாக அழுதாள்.

"உங்க அப்பா எங்கடா?"

"அத்தா போன்ல இருக்காங்க."

அந்த அம்மா எழுந்துவிட்டார். "கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க!"

நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த இழுபறியில் என்னால் போனைத் திறக்கவே முடியவில்லை. அதற்குள் அந்த அம்மா சஃபியாவைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

ஒருவழியாக வீடியோ காலில் மனைவி வந்தாள். "ஐயோ, அவ அத்தாதாங்க அது! விடுங்க!"

சட்டையை விட்டார்கள். அந்த அம்மா மட்டும், சஃபியா போனைப் பார்த்து "அம்மா" என்ற பிறகே பிள்ளையைத் தந்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி."

கோபமில்லை. நான் திரும்பிப்போன பிறகும் என் பிள்ளை ஏறுகிற பஸ்ஸில் அவர் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு அத்தாக்களே, உங்கள் பிள்ளைகளுக்கு உங்களை அடையாளம் தெரிய எத்தனை நாள் ஆனது? எனக்கு லீவு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.