வாட்டம் இல்லாத கல்

நான் பாடம் நடத்தும் பள்ளி வாசலில் ஒரு நிழல் கடிகாரம் இருக்கிறது. திருச்சுழி போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும். அதற்குக் கணக்குப் போட்டவள் நான். பீடம் கட்டியவர் கொத்தனாரான என் அப்பா. சாந்து சுமந்தவள் அம்மா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். மற்றவர்கள் அதைக் கட்டத்தான் போனார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

நிழல் கடிகாரத்தை எங்கோ பார்த்து அப்படியே செய்துவிட முடியாது. நடுவில் நிற்கும் தகட்டின் சாய்வு, ஊர் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் கடிகாரங்கள். அவற்றில் தகடு நிமிர்ந்து நிற்கும். நமக்கு ஒன்பதரை பாகைதான். ஏறக்குறைய படுத்தே கிடக்கும். பாளையம்பட்டிப் பட்டறைக்காரர் அதை வெட்டிக் கொடுத்தபோது, “என்ன டீச்சர், கதவுக்கு ஆப்பா?” என்றார். ஆப்புதான், ஆனால் அதன் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தைக் குறி பார்க்கும் என்றேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. ரயில் வருவதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தன் வெயிலையே மணியாக வைத்திருந்தது. இன்று கைபேசி காட்டுவது நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் ஓடும் ஒரு தீர்க்கக்கோட்டின் நேரம். அங்கே சூரியன் உச்சிக்கு வந்து பதினேழு, பதினெட்டு நிமிடம் கழித்தே இங்கே வரும். மாதத்துக்கு மாதம் கைபேசிக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் கூடும், குறையும். ஆனி பிறக்கும் சமயத்தில், பள்ளி திறந்த அந்த வாரம், கடிகாரம் சரியாக அந்தப் பதினேழு, பதினெட்டு நிமிடம் பிந்த வேண்டும்.

கடிகாரக் கல்லைப் பீடத்தில் பதித்த மறுநாள் தலைமையாசிரியை கைபேசியை நிழலுக்குப் பக்கத்தில் பிடித்தார். “பத்து நிமிஷந்தான் பிந்துது. பரவாயில்லையே டீச்சர்!” எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா கைகட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இருக்க வேண்டியதைவிட அது நன்றாக இருந்தது. அதாவது, தப்பாக இருந்தது.

அப்பாவின் ரசமட்டத்தை எடுத்துக் கல்மேல் வைத்தேன். உள்ளிருந்த குமிழி, உயர்ந்து நின்ற தென்மேற்கு மூலைக்கு ஓடியது.

“அப்பா, கல்லு சாஞ்சிருக்கு.”

“சாயல. வாட்டம் விட்டுருக்கேன்” என்றார். “தண்ணி ஈசானியத்துக்கு ஓடணும்ல? மொட்டமாடியோ, குளிக்கிற ரூமோ, வாட்டமில்லாம நான் கட்டுனதே கெடையாது தாயி.”

கல் கிழக்கே தாழ்ந்ததால், சூரியன் உச்சிக்கு வருமுன்பே கடிகாரம் உச்சியைக் காட்டிவிட்டது. முந்திய அந்த ஏழெட்டு நிமிடம்தான் கைபேசிக்கு நெருக்கமாகி எங்களுக்குக் கைதட்டல் வாங்கித் தந்தது.

பேர்த்து வைக்க வேண்டும் என்றேன். தலைமையாசிரியைக்குப் பிடிக்கவில்லை. “நல்லாத்தான காட்டுது? நாளான்னைக்குத் தெறப்பு விழா. கல்லு ஒடஞ்சா?” அவர் பயம் நியாயம்தான். கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து மணிக்கோடுகள் வெட்டிய கடப்பாக் கல் அது. மாற்றுக் கல் கிடையாது. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கல்லில் எங்கள் ஊர்ப் பெயரை வெட்டியிருந்தேன். அந்தப் பெயருக்குக் கீழே எந்த ஊருக்கும் சேராத ஒரு மணி ஓடுவதை நான் தினமும் கடந்து போக முடியாது.

அம்மாதான் சும்மாட்டை உதறிக்கொண்டு ஆரம்பித்தாள். “நம்மூருல பேயிற மழைக்கு வாட்டம் ஒண்ணுதான் கேடு! இதுமேல தண்ணி தேங்குனா ஊரே வந்து வேடிக்க பாக்கும்.”

“நீ சும்மா கெட. ஒடஞ்சா யாரு பொறுப்பு?” என்றார் அப்பா.

“நான்” என்றேன்.

அது அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். “நான் பேத்து எது ஒடஞ்சிருக்கு?” என்று உளியை எடுத்தார்.

சாந்து இன்னும் முழுதாக இறுகவில்லை. நாலு பக்கமும் கொத்திவிட்டு மூவருமாகத் தூக்கினோம். ஒரு மூலையில் நகக்கண் அளவு சில்லு தெறித்தது, கோடுகள் தப்பின. திரும்ப வைக்கும்போது அப்பா கையிலிருந்த கட்டை வடகிழக்கு மூலையையே தட்டியது. “அப்பா!” என்றேன். “கை தானாப் போகுது” என்றார். குமிழி இரண்டு திசையிலும் நடுவில் நின்ற பிறகுதான் விட்டேன். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு உட்கார்ந்தபோது, நம் உச்சி ஏன் பிந்தி வருகிறது என்று அவருக்குச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் தகட்டின் இருபுறமும் நிழல் ஒழிந்தது; கடிகாரத்துக்கு அதுதான் பன்னிரண்டு. கைபேசியில் பன்னிரண்டு பதினெட்டு. தலைமையாசிரியை முகம் சுளித்தார். “இப்ப இன்னும் பிந்திருச்சே!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் வாய் திறக்குமுன் அப்பா முன்னால் வந்தார். “பிந்தல டீச்சரம்மா. ஒங்க போனு வேற ஊரு மணி காட்டுது. நமக்கு உச்சி இப்பத்தான். வேணும்னா மேல பாருங்க.”

அவர் சொன்ன தோரணையில் நான் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் முழுதாக விளக்கினேன்.