நூல் கடித்த பல்

தையல்காரியின் முன்பல் இத்தனை வருடமாக ஆடவே இல்லை. இப்போது அவளுக்கு அதுதான் கவலை.

ஆடைத் தொழிற்சாலையில், தலைக்கு மேல் துணி தொங்கவிடும் இரும்புக் கம்பி கழன்றுகொண்டிருக்கிறது என்று அவளும் பக்கத்து மெஷின் அக்காவும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். கடைசியில் அது விழுந்து இருவர் முன்பல்லையும் கொண்டுபோனது. கவனக்குறைவு என்று முதலாளி கைகழுவினார். நியாயம் கேட்ட அக்காவுக்கு வேலை போனது; தொலைவில் இருந்த மகன் வீட்டோடு போய்விட்டாள். அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ஆனாலும் நூல் அறுந்தால் தையல்காரி அந்தப் பக்கம் திரும்பி இன்னும் 'அக்கா' என்பாள்.

பல் மருத்துவக் கல்லூரியில், தாடை எலும்பில் ஊன்றும் பீங்கான் பல் எத்தனை காலம் தாங்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இருவருக்கும் இலவசமாகப் பொருத்தினார்கள். பத்து வருடம், வருடத்தில் ஒரு நாள், இருவரும் ஒரே நாளில் வந்து காட்ட வேண்டும். நூலைப் பல்லால் கடிக்கக் கூடாது. அந்தப் பல்லுக்கு உணர்ச்சி இல்லை. அழுத்தம் தெரியாமல் கடித்தால் பீங்கான் விரிசல் விடும்.

அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை அவள் தைத்துத் தள்ளினாள். அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றால், வீட்டைப் போட்டுவிட்டு என்ன ஊர்சுற்றல் என்பார் கணவர். டாக்டர் என்றால் மூச்சு விடமாட்டார். அக்காவின் மகனும் அதே ரகம். ஒரு பெண்ணின் பல்லுக்கு இருக்கிற மரியாதை அவள் சிநேகத்துக்கு இல்லை.

இன்று கடைசி நாள். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்தார், தட்டிப் பார்த்தார். எலும்பு கரையவில்லை, ஈறும் சுத்தம்.

"ரெண்டு பேருக்கும் பாறை மாதிரி நிக்குது. இனிமே நீங்க வரவே வேண்டாம்," என்றார் சந்தோஷமாக.

அக்காவின் பையை எடுத்துக் கொடுக்கப் போன தையல்காரி, அவள் சட்டைக் கையில் ஒரு நூல் தொங்குவதைப் பார்த்தாள். பழக்கதோஷம். கையைப் பற்றி, குனிந்து, அதே பல்லால் நறுக்கென்று கடித்துவிட்டாள்.

டாக்டர் பதறிப்போனார். "என்னம்மா இது? தினமும் இப்படித்தானா?"

அவள் தலைகுனிந்தாள். "மெஷின்ல உக்காந்தா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது டாக்டர்."

"பேசவும் விடமாட்டாங்க, கடிக்கவும் கூடாதுன்னா வாய் பாவம் என்னதான் பண்ணும்?" என்றாள் அக்கா.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மெல்லிய விரிசல் படத்தில் தெரியாமல் போகலாம் என்றார். தையல்காரியைப் பார்த்து, "நீங்க அடுத்த வருஷமும் வந்து காட்டணும்," என்றார்.

"அப்ப நான்?" என்று கேட்ட அக்கா, பதிலுக்குக் காத்திருக்காமல், தன் இன்னொரு சட்டைக் கையில் நூல் தேட ஆரம்பித்தாள்.