கண்ணை மூடிட்டேனாடா?

இது நடந்து இன்றோடு பத்து நாள். பட்டப்பகலில் நடந்தது. நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. பேய் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், கடைசிவரை படித்துவிட்டு.

முதலில் என் கேவலத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

இருபத்திரண்டு வருடம் முன்பு நான் ஃபிலிம் கேமராவும் கையுமாகத் திரிந்தவன். சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் படம் எடுப்பது நான்தான். அப்போது என் அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். "பாப்பாவோட ஒரு படம் எடுத்துக் குடுடா" என்று கேட்டாள். பாப்பா அவள் மகள், அப்போது மூன்று வயது. நான் பெரிய மேதாவி மாதிரி நேரம் குறித்தேன். "மூணு பத்துக்கு ஜன்னல் வெயில் நாற்காலி மேல விழும்கா. அப்ப எடுத்தாத்தான் அழகு." அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து உட்கார்ந்தாள். பாப்பாவை மடியில் வைத்தோம்.

கிளிக் என்றாலே அக்கா கண்ணை மூடிவிடுவாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அம்மாவும் மகளுமாக இருந்த படங்கள் நாலைந்திலும் அவள் கண் மூடியேதான் இருந்தது. அதனால் அன்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டாள். "கண்ணை மூடிட்டேனாடா?"

ஒன்பதாவது படத்தில்தான் கவனித்தேன். கேமராவின் இடது மேல்மூலையில் ஒரு குமிழ் இருக்கும். உள்ளே ஃபிலிம் நகர்ந்தால் அதுவும் சுற்றும். அது சுற்றவில்லை. ஃபிலிமின் நுனியை நான் சரியாக மாட்டவில்லை. கிளிக் சத்தம் வருகிறது, எண் ஏறுகிறது, உள்ளே ஒன்றும் பதியவில்லை.

கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும். ஆனால் சுற்றிலும் சொந்தக்காரர்கள். சற்று முன்புதான் அவர்களிடம் வாய் கிழியப் பீற்றியிருந்தேன். முப்பத்தாறு வரைக்கும் சும்மா அழுத்தினேன்.

"கண்ணை மூடிட்டேனாடா?"

"இல்லக்கா. சூப்பரா வந்திருக்கு."

இருபத்தேழு முறை அந்தப் பொய்யைச் சொன்னேன்.

நாளைக்குப் போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எந்த முகத்தோடு போவது? போகவில்லை. லேப்காரர் ஃபிலிமைக் கெடுத்துவிட்டார் என்று அத்தானுக்குப் போன் செய்தேன். அவர் "ம்" என்றார். மூன்று வாரத்தில் அக்கா போய்விட்டாள். அந்த லேப்காரரைச் சொந்தத்தில் இன்றும் திட்டுகிறார்கள். நான் கேமராவைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

பாப்பாவுக்கு இப்போது மூன்று மாதக் குழந்தை. புது டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி என் கையில் திணித்தாள். "நீங்கதான் மாமா எடுக்கணும். அம்மா உக்காந்த அதே நாற்காலியில." மறுக்க வாய் வரவில்லை. எடுப்பதற்கு முன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

மதியம் 2:50க்கு அத்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் அறைக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஹாலில் நான் மட்டும். பழக்கதோஷம், என் கட்டைவிரல் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தேடியது. இதில் அதெல்லாம் கிடையாது. பின்னால் திரை இருக்கிறது. மனித முகம் தெரிந்தால் திரையில் மஞ்சள் கட்டம் விழும்.

3:10. வெயில் நாற்காலிக்கு வந்தது. வெளிச்சம் பார்க்க, காலி நாற்காலியை நோக்கிக் கேமராவை நீட்டினேன்.

மஞ்சள் கட்டம் விழுந்தது.

உட்கார்ந்திருப்பவரின் தலை இருக்கும் உயரத்தில்... சரியாக அங்கே.

புதுக் கேமரா, ஏதோ கோளாறு என்று அழுத்தினேன். திரையில் எழுத்து வந்தது.

'யாரோ கண்ணை மூடிவிட்டார்கள். மீண்டும் எடுக்கவும்.'



இடம் மாறி நின்றேன். கட்டம் மெல்ல நகர்ந்தது, என் பக்கம் திரும்புவது போல. அழுத்தினேன். அதே எழுத்து. மூன்றாவது... நான்காவது... அதே எழுத்து.

ஐந்தாவதில் நாற்காலி சத்தம் போட்டது.

க்ரீச்...

ஓடியிருக்கலாம். கால் நகரவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. அழுத்திக்கொண்டே இருந்தேன்.

எட்டு...

ஒன்பது...

"வரலக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அன்னிக்கு ஒண்ணுமே வரல."

பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவதுக்குக் கட்டம் இல்லை. வெறும் நாற்காலி. மணி 3:16.

"யார்கிட்ட மாமா பேசுறீங்க?" பாப்பா குழந்தையோடு வந்து நின்றாள். "சும்மாதான்" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தாள். படம் எடுத்தேன். எல்லாம் நன்றாக வந்தது. உண்மையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. மறுபடியும் கோழையாகிவிட்டேன்.

கிளம்பும்போது அத்தான் கேட் வரை வந்தார். அவரிடமாவது கொட்டிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "அத்தான், அன்னிக்கு லேப்காரர் மேல தப்பில்ல..."

"தெரியும்."

"எப்படி?"

"அவதான் சொன்னா. குமிழு சுத்தலையாம். வருஷக்கணக்கா உன் கேமரா முன்னாடி நின்னவ, அவளுக்குத் தெரியாதா? 'நாலு பேர் முன்னாடி அவன் அவமானப்படக் கூடாது, நீங்க கேட்டுக்காதீங்க, அவனே திரும்ப வருவான்'னா."

அத்தான் கேட்டைப் பிடித்தபடி தொடர்ந்தார்.

"மறுநாள்லேருந்து தினமும் மூணு பத்துக்குத் தலை சீவி, பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு அந்த நாற்காலியில உக்காருவா. கண்ணை மூடாம இருந்து பழகிப் பார்ப்பா. பதினோரு நாள், மச்சான். பன்னிரண்டாம் நாள் எந்திரிக்க முடியல."

வீட்டுக்கு வந்து கேமராவைத் திறந்து பார்த்தேன். காலி நாற்காலிப் படங்களை எண்ணினேன். பன்னிரண்டு. ஒவ்வொன்றின் கீழும் எடுத்த நேரம் இருக்கிறது. முதல் படம் 3:10. அதையும் சேர்த்துப் பதினொன்றில், நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியிருக்கிறது.

கடைசிப் படத்தில் மட்டும் மெத்தை நிமிர்ந்திருக்கிறது.

பாப்பா, இதை நீ படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.