திரைக்கு முதுகைக் காட்டி

கம்பெனியில் எங்களை வேலையை விட்டு நிறுத்திய பிறகு, கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இது யாருக்கும் புதிதல்ல. கார்த்திகை பிறந்ததும் வழக்கம்போல் மாலை போட்டுக்கொண்டேன். வேலை போனால் ஐயப்பனும் போய்விடுவாரா?

ஒரு சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் பந்தலில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஈரான் நாட்டுப் படம் ஒன்று போட்டார்கள். எங்களைப் போலவே வேலை போன ஒரு தொழிலாளியின் கதையாம். விரதத்தில் நான் சினிமா பார்ப்பதில்லை. எழுந்து போனால் சங்கத்தை மதிக்காத மாதிரி ஆகும். கடைசி வரிசையில் திரைக்கு முதுகைக் காட்டி, கேட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பாஷை புரியவில்லை. திரையின் கீழே வரும் தமிழை, என்னோடு தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்தவன் உரக்கப் படித்தான்.

"மொதலாளிகிட்ட கெஞ்சிக்கினு நிக்கிறாம்பா. கூட்டிப் பெருக்குற வேலையாச்சும் குடுன்றான்."

"நம்ம ஊர்ல அதுக்கும் காண்ட்ராக்ட்டுதான், போச்சொல்லு" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக்கு உள்ளே கம்பியைப் பிடித்தபடி எங்கள் பர்சனல் ஆபீசர் நின்று படம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்திலும் மாலை. ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டைத் தாண்டி நேரே என்னிடம் வந்து குனிந்தார்.

"சாமி சரணம்."

"சாமி சரணம்" என்றேன். எங்களை நிறுத்தியவரும் இவர்தான். மாலை போட்டவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கோபப்படவும் கூடாது.

"நாளைக்குக் காலைல உள்ள வந்துடு சாமி. காண்ட்ராக்ட்ல போட்டுக்கறேன். பாதி சம்பளம்னாலும் அடுப்பு எரியும்ல?"

"மத்தவங்க சாமி?"

"உனக்கு மட்டும் மேல கேட்டு வாங்கிக்கினு வந்தேன் சாமி."

படித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். படம் மட்டும் தன் பாஷையில் பேசிக்கொண்டிருந்தது. எல்லாரும் திரும்பி என் முதுகைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அன்று என் வீட்டு உலையில் வெந்தது, என் மனைவியின் அண்ணன் ஆரணியிலிருந்து அனுப்பிய அரிசி. நாக்கு நுனி வரை வந்த வசவை விழுங்கினேன். ஐயப்பா, நீயே ஒரு வார்த்தை குடு என்று கண்ணை மூடினேன்.

"எல்லாரையும் கூப்பிடுங்க சாமி, வரேன்."

"அது என் கையில இல்ல சாமி."

"அப்ப முடியாது சாமி."

சரணம் சொல்லிவிட்டுப் போனார். சின்னக் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"படிடா, படத்துல அந்தாளு இன்னா ஆனான்?" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.

"இன்னும் அங்கயேதாம்பா நிக்கிறான்."

வீட்டில் மனைவியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மாலை போட்டதிலிருந்து அவளும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறாள். விரதக்காரனைத் திட்டக்கூடாது என்று அவளுக்குப் பயம். சோற்றைப் போட்டாள், ரசம் ஊற்றினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள்.

"சாப்டுங்க சாமி" என்றாள் கடைசியில். "மலைக்குப் போயி மாலையக் கழட்டிக்கினு வாங்க. அப்பறம் இருக்குது உங்களுக்கு."