நார் கட்டிய டப்பா உருண்டை

டப்பாவைத் திறக்கும் முன் கண்ணுச்சாமி அதைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். அப்புறம் அதன் தலையில் விரலால் சுண்டுவார். உள்ளே குழம்பு புரளும் சத்தம் கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"நல்ல சரக்கு, ஆத்தா" என்பார் என்னிடம், தானே கறியை அரைத்து அடைத்த மாதிரி.

போடியில் எனக்குப் பக்கத்து வீடு அவருடையது. குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்துப் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைக்கு ஆக்கிப் போடுவது அவர் சோலி. வாரக் கடைசியில் மலையிறங்கி வருவார். துரை போட்டுக் கழித்த காக்கிச் சட்டை முழங்கால் வரை தொங்கும். ஆள் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே வெண்ணெயும் ஏலக்காயும் கலந்த வாடை வாசலுக்கு வந்துவிடும். குழம்பில் உப்புப் பார்க்க அவர் உள்ளங்கையில் விடமாட்டார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார். உள்ளங்கை எல்லா ருசியும் படிந்த இடமாம், பொய் சொல்லுமாம். அவர் கொடுத்த காலி டப்பாக்கள் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் உண்டு. என் வீட்டில் உப்பு அதில்தான் இருக்கிறது. டப்பாவை நான் குறை சொல்லவில்லை.

உள்ளே இருப்பதைத்தான் சொல்கிறேன். சீமையிலிருந்து கப்பலில் வருகிற கறி உருண்டை அது. துரை பிரியப்பட்டு எப்போதாவது ஒன்றிரண்டு டப்பா கொடுத்து அனுப்புவார். மேலே செம்மறி ஆட்டுப் படம் போட்டிருக்கும். ஆட்டுக்கறிதான் என்று துரையே வாயால் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகுதான் கண்ணுச்சாமி வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

"ஒண்ணு போல ஒண்ணு எப்படி இருக்கு பாருங்க ஆத்தா. பிசிறு கெடையாது, எலும்பு கெடையாது."

"ஒண்ணு போல ஒண்ணு இருக்க அது என்ன கோலிக்குண்டா?" என்று உள்ளேயிருந்து அவர் பெண்சாதி ராமுத்தாய் குரல் கொடுப்பாள். "செத்த ஆட்டுக்கு எத்தனை வயசுன்னு கேட்டுட்டு வாங்க."

ராமுத்தாயின் கோலா உருண்டையைத் தின்றவர்களுக்கு அவள் பேச்சு புரியும். கொத்துக்கறியோடு பொட்டுக்கடலை, தேங்காய், சோம்பு, கசகசா வைத்து அம்மியில் அரைப்பாள். ஒரு வாயில் தேங்காய்ப் பல் அகப்படும், மறுவாயில் வெங்காயம் இனிக்கும். ஓர் உருண்டை பெருத்திருக்கும், ஒன்று சப்பையாக இருக்கும். வீட்டில் செய்தது அப்படித்தான் இருக்கும். அப்படி இருந்தால்தான் அது பண்டம்.

கண்ணுச்சாமிக்கு மனதில் ஒரு குறை. மலைமேல் கவர்னர் வந்தாலும் இவர் கையால்தான் சாப்பாடு. கீழே சொந்த வீட்டு அடுப்பங்கரையில் அவருக்கு இடமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆக்கிய ஒரு கவளம் ராமுத்தாய் தின்றதில்லை. "துரைக்கு ஆக்குன கை இங்க வந்தா கும்பிட்டுட்டு உக்காரட்டும்" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் கைச் சோற்றை அவள் தின்ன வேண்டும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார்.

அவர்கள் மகள் சந்திரவல்லியை ராசிங்காபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். சம்பந்தி வீட்டாருக்குக் கறிவிருந்து வைப்பதற்கு முதல் நாள் ராமுத்தாய் கிணற்றடியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு பூசணிப் பிஞ்சு போல வீங்கிவிட்டது. வைத்தியர் பற்றுப் போட்டுத் துணி சுற்றிவிட்டார்.

விருந்தன்று காலையில், "நான் அரைச்சுத் தாரேன்" என்றேன்.

"ஆத்தா, நீங்க சோத்தைப் பாருங்க. கொழம்பும் உருண்டையும் என் பொறுப்பு" என்று கண்ணுச்சாமி சட்டைக் கையை மடித்தார். ராமுத்தாயை மகளோடு உள்வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கொல்லையில் உலை வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ராமுத்தாய் உள்ளேயிருந்து கத்தினாள். "என்னங்க, அம்மிச் சத்தமே கேக்கலையே?"

"பங்களாவுல மெத்துன்னு அரைப்போம். சத்தம் வராது."

சாம்பல் அள்ளப் போனபோது நான் கதவிடுக்கில் பார்த்துவிட்டேன். குழம்பு ஒரு பக்கம் கொதிக்கிறது, வாசம் ஊரைக் கூட்டுகிறது. அது அவர் கைப்பாகம். இன்னொரு பக்கம், அவர் நாளாக நாளாகச் சேர்த்து வைத்திருந்த டப்பாக்கள் திறந்து கிடக்கின்றன. டப்பா உருண்டைகளைத் துடைத்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வாழை நார் கட்டிக்கொண்டிருக்கிறார் மனுசர்! நார் கட்டாத கோலாவை எங்கள் பக்கத்தில் யாரும் கோலா என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

"அப்பு, இது வேணாம்யா" என்றேன்.

"சத்தம் போடாதீங்க ஆத்தா. தின்னுட்டு மெச்சட்டும். அப்புறம் நானே டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டுறேன். உள்ள இருக்கவளுக்குந்தான்."

இலை போட்டோம். சம்பந்தி ஜக்கையன் வாய் நிறையப் பேசுகிறவர். அவர் சம்சாரம் ஆயம்மாள் கண்ணால் பேசுகிறவள். ஜக்கையன் உருண்டையை எடுத்து நார் முடிச்சை இழுத்தார்.

பச்சைக் கறியில் நாரைக் கட்டி எண்ணெயில் போட்டால் அது வேக வேகக் கறிக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் மசாலாவைப் பிய்த்துக்கொண்டு வரும். அந்த நாரை ஒரு சப்புச் சப்பிவிட்டுத்தான் இலையோரம் போடுவது. வெந்த உருண்டையில் கட்டினால் எப்படிப் பிடிக்கும்? ராமுத்தாய் என்றைக்காவது அடுப்பங்கரைக்குள் விட்டிருந்தால் கண்ணுச்சாமிக்கு அது தெரிந்திருக்கும். நார் ஒரு துளி கறி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஜக்கையன் அதைத் தூக்கிக் கண்ணுச்சாமியிடம் காட்டினார். "என்ன மாப்ளே, உருண்டைக்கு வேட்டி கட்டி விட்டிருக்கீங்க?"

பந்தியே சிரித்தது. அவர் ஒரு கடி கடித்தார். "பல்லுக்குச் சோலியே இல்லையே!"

ஆயம்மாள் சிரிக்கவில்லை. தன் இலையில் இருந்ததை விரலால் நசுக்கிப் பார்த்தாள். "இது வீட்டுல அரைச்சதா, வெளிய வாங்குனதா?"

சிரிப்பு நின்றுவிட்டது. சம்பந்தி விருந்தில் வெளிப்பண்டம் வைப்பது அவர்களை மதிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். சந்திரவல்லி இந்தப் பேச்சை அந்த வீட்டில் காலமெல்லாம் கேட்க வேண்டிவரும். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுச்சாமி கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு உள்வீட்டுப் பக்கம் பார்த்தார்.

ராமுத்தாய் உள்வீட்டிலிருந்து வந்தாள். இலையைப் பார்த்தாள், நாரைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். எல்லாம் ஒரு மூச்சில் விளங்கிவிட்டது அவளுக்கு.

"நாந்தான் மதினி" என்றாள். "கை இப்படிக் கெடக்கு. அரைச்சதும் சரியில்ல, கட்டுனதும் இறுகல. கோவிச்சுக்காதீங்க."

இந்த ஊரிலேயே தன் உருண்டைக்கு நிகர் இல்லை என்று சொல்லித் திரிகிறவள், இத்தனை பேர் நடுவில் தன் கைப்பாகத்தைத் தானே குறை சொன்னாள்.

ஆயம்மாள் அந்தத் துணிக்கட்டைப் பார்த்தாள். "அடியாத்தி! இந்தக் கையோடயா இத்தனையும் கட்டுன? உன்னை யாரு கேட்டா?" என்று உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"தங்கச்சி, அது கெடக்கட்டும். கொழம்பு இன்னும் இருக்கா?" என்று ஜக்கையன் சோற்றில் குழி பறித்தார். குழம்புச் சட்டி அவர் பக்கம் மறுபடியும் மறுபடியும் போனது.

வண்டி கட்டி அவர்களை அனுப்பின பிறகு, கண்ணுச்சாமி அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் பாத்திரம் ஒதுக்கினேன். ராமுத்தாய் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். விழுந்ததிலிருந்து டம்ளரில் கஞ்சி குடித்ததோடு சரி. வலது கையை மடக்க முடியவில்லை, இடது கையால் தின்ன அவள் சம்மதிக்கமாட்டாள்.

"நான் ஊட்டி விடுறேன் தாயி" என்றேன்.

"நீங்க இருங்க பெரியம்மா" என்றாள்.

கண்ணுச்சாமி திரும்பினார். தட்டில் சோறு போட்டு, ஓரத்தில் பயந்து பயந்து ஒரு டப்பா உருண்டையையும் வைத்தார்.

"அதை அங்கிட்டுத் தள்ளுங்க" என்றாள். "கொழம்பை ஊத்திப் பெசைங்க."

அவர் பிசைந்தார். நான் கரிச்சட்டியைத் தேய்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன், ஆனாலும் பார்த்தேன். ராமுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு சாண் முன்னால் நகர்ந்து, கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.