கோழி வாயில் கள் வாடை

ராயபுரத்தில் கெங்கம்மா சந்தேகப்படாத ஆள் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. பூக்காரி அளந்த முழத்தைத் தன் கையால் மறுபடி அளப்பாள். பக்கத்து வீட்டு அடைக்கலமேரி மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தால், இவளுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டுமோ என்று யோசித்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் பக்தவச்சலம். துறைமுகத்தில் கரிக்கூடை சுமப்பவன். வேலை முடிந்தால் கள்ளுக்கடையில் தலையைக் காட்டாமல் வீட்டுக்கு வரமாட்டான். அந்த வீட்டில் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்!

கெங்கம்மாவின் பிழைப்பும் துறைமுகத்தில்தான். ரங்கூன் கப்பலில் வந்திறங்கும் அரிசி மூட்டைகளில் கிழிந்ததையெல்லாம் கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பாள். தரையில் சிந்திய அரிசியைப் பொழுது சாய்ந்ததும் தைக்கிற பெண்கள் பெருக்கி எடுத்துக்கொள்வார்கள். மேஸ்திரி அதைக் கண்டுகொள்ள மாட்டார். மண்ணும் கரித்தூளும் கலந்த அந்த அரிசியை அவள் ஒரு பானையில் கொட்டி மூடி வைப்பாள். அவளுடைய கோழிகளுக்கு அதுதான் தீனி. பிள்ளையில்லாத வீடு. கோழிகளைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்தாள்.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் இரண்டு கோழிகள் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தன. பிழைக்காது என்று தெரிந்த கோழியை உயிர் போவதற்குள் அறுத்துவிடுவது அந்தத் தெரு வழக்கம். கெங்கம்மா அழுதுகொண்டே அறுத்துக் குழம்பு வைத்தாள். ஒரு துண்டுகூட அவள் வாயில் வைக்கவில்லை. பக்தவச்சலம் விரலைச் சூப்பிக்கொண்டு தின்றான். அதை அவள் மறக்கவில்லை.

மிஞ்சியது ஒரே ஒரு செவலைப் பெட்டை. அவள் வேலையிலிருந்து திரும்பும் சத்தம் கேட்டால் இறக்கையடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும். அதுவும் ஒரு நாள் காலையில் கொண்டை கறுத்து, இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. இதுவும் போய்விட்டால் அவளைத் தேடி ஓடிவர ஒரு ஜீவன் கிடையாது.

கோழியை மடியில் போட்டுக்கொண்டு சோதித்தாள். எச்சம் வெள்ளையாக இல்லை. கண்ணோரம் அம்மைக் கொப்புளம் இல்லை. கழுத்துக்குக் கீழே தீனிப்பை மட்டும் வீங்கித் தளதளவென்று இருந்தது. அலகைப் பிரித்து முகர்ந்தாள். குப்பென்று கள் வாடை அடித்தது.

எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. கோழி நோயில் விழுந்தால் வீட்டில் கறி. கறி வேண்டுமென்றால் கோழி நோயில் விழவேண்டும்.

"கோயிக்கு கள்ளு ஊத்தினியாய்யா?"

பக்தவச்சலம் திகைத்துப் போனான். "இன்னாமே பேசுறே? எனுக்கே பத்தலே, கோயிக்கு ஊத்துவனா?"

அவள் விடவில்லை. தெருவே கூடிவிட்டது. அவன் கற்பூரம் ஏற்றி, எல்லார் முன்னாலும் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். குடிகாரன் சத்தியம் சாமிக்கே ஏறாது என்றாள் கெங்கம்மா. "அந்தாளு அப்டி செய்யமாட்டாருக்கா" என்றாள் அடைக்கலமேரி. இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கெங்கம்மா அவளையும் ஒரு பார்வை பார்த்தாள். பக்தவச்சலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்ணாரப்பேட்டையில் வண்டி ஓட்டும் தன் தோஸ்து சௌக்கத் அலி வீட்டுக்குப் போய்விட்டான்.

கெங்கம்மா கோழியைத் தலைகீழாகப் பிடித்துத் தீனிப்பையை மெல்ல நீவிவிட்டாள். புளித்த தண்ணீர் கொட்டியது. சின்ன வெங்காயமும் சீரகமும் மிளகும் அரைத்து உருட்டி ஊட்டினாள். வேறு தீனி எதுவும் காட்டவில்லை. மறுநாள் கோழி கண்ணைத் திறந்து கொக்கரித்தது. பார்த்தீர்களா, அவன் தொலைந்தான், கோழி பிழைத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பசியோடு கிடந்ததே என்று பானையிலிருந்து இரண்டு கை அரிசியை அள்ளிப் போட்டாள். எவரும் நெருங்கக்கூடாதென்று கோழியை வீட்டுக்குள் கூடை போட்டுக் கவிழ்த்து, மேலே குழவிக்கல்லை ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி. கல் வைத்தபடி. உள்ளே கோழி மறுபடியும் சுருண்டு கிடந்தது. அதே வாடை.

யாரைச் சொல்வது? வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். அப்புறம் மெதுவாகப் போய்ப் பானைக்குள் கையை விட்டாள். மழையில் நனைந்து, ஈரத்தோடே கொட்டி மூடிய அரிசி புளித்துக் கட்டி கட்டியாக, வெதுவெதுப்பாக இருந்தது. கையை முகர்ந்தாள். கள்ளுக்கடையே அந்தப் பானைக்குள் இருந்தது. முன்னே அறுத்த இரண்டு கோழிகளும் தின்றது இதைத்தான். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அரிசியைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினாள். திரும்பவும் நீவிவிட்டு, திரும்பவும் மருந்து ஊட்டி, உலர்ந்த கேழ்வரகாகப் பார்த்துப் போட்டுக் கோழியைத் தேற்றினாள்.

அது தெருவில் மேய ஆரம்பித்த பிறகு பக்தவச்சலம் வந்து வாசலில் நின்றான். கோழியையே பார்த்தான்.

"நான் போனப்பறம் நல்லாயிட்ச்சு. அப்போ போதையில நாந்தான் எதுனா ஊத்திகீறேன். எனுக்கு நெனப்பே இல்ல கெங்கு. பொய் சத்தியம் வேற பண்ணிட்டேன். இனிமே அந்தக் கடப் பக்கம் போவமாட்டேன்."

சொல்ல வேண்டியது அவள் நாக்கு நுனி வரை வந்தது. தெருவில் அடைக்கலமேரி நின்றிருந்தாள். கள்ளை விடுகிறேன் என்று இவன் வேறு சொல்கிறான்.

"ஆமாய்யா. நீதான்" என்றாள்.

அவன் சொன்ன சொல் தவறவில்லை. காலையில் அவனே கோழிக்குத் தீனி போட்டான், செய்த பாவத்துக்குப் பரிகாரம்போல. கெங்கம்மா துறைமுகத்து அரிசியை இப்போது முறத்தில் பரப்பி வெயிலில் காய வைத்துத்தான் பானையில் போட்டாள்.

"ஏன்மே புச்சா காய வெக்கிறே?" என்று ஒரு நாள் கேட்டான்.

அவள் முறத்தைக் கையில் எடுத்துப் புடைத்தாள். "புழு வெக்குதுய்யா."

"அதானே" என்று நம்பிவிட்டு அவன் கரிக்கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். கெங்கம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.