மூன்று முறை கூப்பிட்ட பெயர்

லாண்டிரியின் முன்கண்ணாடிக்கு இரண்டடி தள்ளி ஒரு நீல டிரக்கின் பின்புறம் வந்து நிற்கிறது. பிரேக் விளக்கு இரண்டும் கண்ணாடியில் சிவப்பாகத் தெரிகின்றன. பிறகு இடப்பக்கம் திரும்பும் விளக்கு, பிறகு வலப்பக்கம். கடைசியாக நம்பர் தகட்டின் மேலுள்ள சின்னப் பல்பு. எல்லாம் எரிகிறது என்று தெரிந்ததும், கண்ணாடிக்கு இந்தப்புறம் இருக்கும் யாரையும் பார்க்காமல் ஓடெல் பெட்வே சாலையில் இறங்கிப் போய்விடுவார். துணி துவைக்க அவர் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். விளக்கு பார்க்க எல்லா நாளும் வருவார்.

டெனீட்டா இதை முதலில் கவனித்தபோது ஆறாம் வகுப்பு. காசு போட்டு அவரவரே துவைத்துக்கொள்ளும் அந்த லாண்டிரி அவள் அம்மாவுடையது. பள்ளிப் பேருந்து வரும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். மனிதருக்கு வண்டிமேல் அத்தனை ஆசை என்று நினைத்துக்கொண்டாள். ஆசை வைத்த வண்டியின் கதவைத் துரு அப்படித் தின்ன விடுவார்களா என்று யோசிக்க அவளுக்குப் பத்து வருடம் பிடித்தது. இப்போது குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து அதே கண்ணாடிக்குப் பின்னால் துணி மடிக்கிறாள். ஓடெல் அவளை முன்பு "குட்டி" என்பார். இப்போது "காலேஜு".

புல்வெட்டி மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். எந்த எஞ்சினையும் காதால் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். மனிதர்களிடம் அந்தக் காதைக் கொடுக்க மாட்டார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, எதிராளி வாய் திறக்கும்வரை மூச்சுக்கூட விடாமல் நிற்பார். கெளுத்தி மீன் பொரிக்கும் கடையில் பெயர் கேட்டால் ஒரு நாள் ராய் என்பார், மறுநாள் லீமன் என்பார். "லீமன், உங்க மீன் ரெடி" என்று கடைக்காரி மூன்றாவது தரம் கத்திய பிறகுதான் அன்றைக்குத் தன் பெயர் லீமன் என்பது அவருக்கு ஞாபகம் வரும். தேவாலயத்தில் கடைசி வரிசை, பக்கவாட்டுக் கதவோரம். அரசாங்க முத்திரை போட்ட உறைகளைப் பிரிக்க மாட்டார், எறியவும் மாட்டார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு பெட்டியில் போடுவார்.

இதற்கெல்லாம் அவர் சொல்லும் நியாயம் ஒரு வான்கோழி. நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்கு இலவச வான்கோழி என்று பக்கத்து மாவட்டத்துப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் ஒரு முறை கடிதம் அனுப்பினாராம். ஓடெலின் சித்தப்பா மகன் இஸ்திரி போட்ட சட்டையில் போய் வரிசையில் நின்றான். வரிசையில் நின்ற அத்தனை பேர்மேலும் வாரண்டு இருந்தது. "சும்மா குடுக்கிறான்னா வான்கோழி நீதான்னு அர்த்தம்" என்பார் ஓடெல்.

மனைவி அர்லீனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்ப் பதினொரு வருடம். வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, முப்பத்தெட்டு மைல் தள்ளி டயாலிசிஸ். மான்ட்கோமரி போகும் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஓடெல் செம்மண் பாதையில் சுற்றி ஒன்றேகால் மணி நேரம் ஓட்டுவார். நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஷெரிஃபின் ஆட்களான டெபுடிகள் வண்டி போட்டு நிற்பார்கள், ஒரு விளக்கு எரியாவிட்டாலும் நிறுத்திப் பெயர் கேட்பார்கள். செம்மண் பாதையில் பசுமாடுதான் நிற்கும்.

மூன்று வருடத்துக்கு முன் நீதிபதி டாலிவர் இறந்தபோது, உடலைப் பார்க்க வந்தவர்களில் ஓடெலும் ஒருவர். கறுப்பு கோட்டு, பளபளக்கும் ஷூ. சவப்பெட்டியருகே வெகுநேரம் குனிந்து நின்றார். எந்த வகையில் பழக்கம் என்று நீதிபதியின் மகள் அன்போடு விசாரித்ததற்கு, "ஒரு நாள் என் பேரைக் கூப்பிட்டாரும்மா" என்று மட்டும் சொன்னாராம். அன்று மாலை லாண்டிரியில் இருந்த ஆறு பேருக்கும் மீன் தட்டு வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை. மீன் சூடாக இருந்தது.

போன மார்ச்சில் டெனீட்டா நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்கு ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போனாள். காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே பொதுமக்கள் வழக்கு பார்ப்பதற்கென்று ஒரு கம்ப்யூட்டர். பெயரையும் பிறந்த வருடத்தையும் அடித்தால் போதும். தன் பெயரை அடித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அண்ணன் பெயரை அடித்தாள். பிறகு, ஏன் என்று அவளுக்கே தெரியாமல், ஓடெல் பெட்வே. திரையில் ஒரே ஒரு வரி வந்தது. வாகனப் பதிவு காலாவதி. ஆஜராகவில்லை. பிடிவாரண்டு, நிலுவை. தேதி பதினொரு வருடத்துக்கு முந்தியது.

உதவத்தான் பார்த்தோமா, வேடிக்கை பார்த்தோமா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். வேடிக்கைதான் என்று பட்டது. அதனாலேயே சொல்லாமல் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை, உலர்த்தும் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில், அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

ஓடெல் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார், மறுபடி போட்டார். "யாரு சொல்லி என் பேரை அடிச்ச?"

"யாரும் சொல்லலை, மிஸ்டர் ஓடெல்."

"அந்த ஜட்ஜு செத்தாச்சு. பெஞ்ச் வாரண்டுன்னா அந்த பெஞ்சில உக்காந்திருந்த ஆளோட வாரண்டு. ஆளு போனா அதுவும் போச்சு. பெட்டிக்குள்ள நான் கண்ணால பாத்தேன்."

கையெழுத்துதான் நீதிபதியுடையது, வாரண்டு நீதிமன்றத்துடையது, யார் செத்தாலும் அது சாகாது என்று அவள் விளக்கப் பார்த்தாள். படித்த பெண்ணின் விளக்கம், அதுவே குற்றமாகிவிட்டது. ஓடெலின் குரல் உயர்ந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த நான்கு பெண்களும் கையை நிறுத்தினார்கள்.

"கோர்ட்டு வேலை கேட்டுப் போனவ, போன கையோட என்னைப் பிடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கா. ஏ பொம்பளைங்களா, உங்க பேரையும் அடிச்சுப் பாத்திருப்பா. கேட்டுக்கங்க."

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி, நுரையோடு துணியை அள்ளி, தண்ணீர் வழிய வழிய எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் டெனீட்டா உள்ளே வந்தாலே பேச்சு நின்றது. இரண்டு பேர் டவுனின் மறுகோடியிலுள்ள லாண்டிரிக்கு மாறினார்கள். அம்மாவே ஒரு நாள் தயங்கி, "நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டாள். வேலையும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து நடந்ததை டெனீட்டாவிடம் அர்லீன்தான் பிறகு சொன்னாள். ஒரு திங்கட்கிழமை செம்மண் பாதையில் டெபுடியின் கார் ஒன்று நாலு மைல் அவர்கள் பின்னாலேயே வந்தது. நிறுத்தவில்லை, திரும்பிப் போய்விட்டது. ஆனால் அந்த நாலு மைலும் ஓடெல் பின்பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காததை அர்லீன் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கேட்டாள், எல்லாவற்றையும் கக்கினார். கோர்ட்டில் காலை ஒன்பது மணிக்கு ஆஜராக வேண்டிய அதே நாள் விடியலில்தான் அவள் சமையலறையில் விழுந்தாள். மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவர் கோர்ட்டுக்கு ஓடியபோது மணி இரண்டு. கூடம் காலி. தரை துடைத்துக்கொண்டிருந்தவர், "மூணு தரம் கூப்பிட்டாங்கப்பா, நீ வரலை" என்றார். அந்த மூணு தரம்தான் பதினொரு வருடமாக அவர் காதில்.

அர்லீன் அழவில்லை. "உன்னை வழியில பிடிச்சுட்டா நான் அந்த டயாலிசிஸ் நாற்காலியில ஊசியோட உக்காந்திருப்பேன், கூட்டிட்டு வர ஆளில்லாம. நீ போய் இதை முடி. முடிக்கிறவரைக்கும் நான் அந்த நாற்காலியில உக்காரமாட்டேன்" என்றாள். புதன்கிழமை வந்தது. அவள் வண்டியில் ஏறவில்லை. ஒரு முறை தவறினாலே கால் வீங்கும், மூச்சு இரைக்கும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று நர்ஸ் இருவரிடமும் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை கதவு திறந்த நேரத்தில் ஓடெல் லாண்டிரிக்கு வந்தார். கையில் துணி இல்லை. சோப்புத்தூள் விற்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். அவனுக்கு ஒரு சந்தேகம்."

"அவருக்கு என்ன சந்தேகம்?"

"அங்க போய் நின்னா அங்கயே விலங்கு மாட்டிருவாங்களான்னு."

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஈரத் துணியோடு போன பிறகு, ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் அரசாங்க வக்கீலின் அலுவலகத்துக்கு டெனீட்டா போன் செய்து எல்லாம் கேட்டு, சோப்பு அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். கோபத்தோடுதான் எழுதினாள். அதை எடுத்து அந்த 'ஒருத்தனுக்கு' வாசித்தாள். ஷெரிஃப் ஜன்னலில் கேட்கக் கூடாது, எழுத்தர் ஜன்னலில் வழக்கு எண்ணை மட்டும் வாங்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மாடியில் அந்த இலவச வக்கீலைப் பார்க்க வேண்டும். வாரண்டை ரத்து செய்யக் கேட்டு அவரே மனுப் போடுவார். தானாக வந்து நிற்பவனை நீதிபதி பெரும்பாலும் உள்ளே தள்ளுவதில்லை. தள்ளவே மாட்டார் என்று மட்டும் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வெள்ளி மதியம் போகவே கூடாது, தப்பாகிப் போனால் திங்கள்வரை உள்ளே. இன்றைக்கே, இப்போதே போகலாம்.

"ரத்தான பிறகு?"

"முத்திரை போட்ட பிரதி ஒண்ணு வாங்கி வண்டியில வெச்சுக்கணும். டெபுடியோட கம்ப்யூட்டருக்குச் சேதி போய்ச் சேர நாளாகும். அதுக்குள்ள நிறுத்தினா அந்தத் தாள்தான் அவரைக் காப்பாத்தும்."

ஓடெல் அட்டையை வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதை எதுக்கு நீ விசாரிச்சு வெச்ச?"

"தெரியலை" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. அந்தப் பதில்தான் அவருக்குப் பிடித்தது போலிருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

உறைப் பெட்டியில் அவர் எறியாமல் வைத்திருந்த காகிதங்களுக்குள், அர்லீன் விழுந்த அன்று அவள் மணிக்கட்டில் மருத்துவமனை கட்டிய பிளாஸ்டிக் பட்டையும் இருந்தது, தேதியோடும் நேரத்தோடும். அந்த வியாழக்கிழமையே கோர்ட்டில் வக்கீல் அதைத்தான் நீதிபதியிடம் நீட்டினாராம். பெயரைக் கூப்பிட்ட ஆள் முதல் தரம் முடிப்பதற்குள் ஓடெல் எழுந்துவிட்டார். புது நீதிபதி ஒரு பெண், அவருடைய டிரக்கைவிட வயது குறைவாக இருக்கும். பட்டையைப் படித்தார், வாரண்டை ரத்து செய்தார், பழைய வழக்குக்குப் புதுத் தேதி கொடுத்தார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. நீங்க செத்துட்டா இந்தத் தாள் செல்லுமா?"

கூடம் சிரித்தது. நீதிபதி சிரிக்காமல், செல்லும், தன்னைவிட அதற்கு ஆயுசு கெட்டி என்றார். அந்த வெள்ளிக்கிழமை அர்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள், வீங்கிய காலோடு.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, துணி மடிக்கும் மேஜைமேல் இருந்த டெனீட்டாவின் போன் அதிர்ந்தது. நீதிமன்றத்திலிருந்து ஒரு நினைவூட்டல்: ஓடெல் பெட்வே, பதினான்காம் தேதி, காலை ஒன்பது. யாருக்கும் தன் எண்ணைக் கொடுக்காத மனிதர், நினைவூட்டல் எந்த எண்ணுக்கு வர வேண்டும் என்று கேட்ட படிவத்தில் அவள் எண்ணை எழுதியிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் அப்போது அங்கேதான் மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்தார். அதே நான்கு பெண்களில் மூவரும் இருந்தார்கள். இவர்கள் முன்னால் சொன்னதை இவர்கள் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொள்வார் என்று டெனீட்டா காத்திருந்தாள். அதற்கு ஒரு வார்த்தை போதும். அவர் மேஜைக்கு வந்தார்.

"எத்தனை மணின்னு போட்டிருக்கான்?"

"ஒன்பது, மிஸ்டர் ஓடெல்."

"எட்டரைக்கே போயிடணும்" என்றார், தனக்குள் போல. அந்த மூவரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கையை நீட்டி, அவளுடைய போனை எடுத்து, தன் பெயர் தெரிந்த திரை கீழே இருக்கும்படி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.